மாமாவின் மூன்று ஏழு

என் மாமனாருக்குக் கணினி வாங்கப் போன நாளை நினைத்தால் அந்தக் கடைக்காரரின் முகம்தான் முதலில் கண்முன் வருகிறது. புதுச்சேரி நகரத்தில், அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகளை வாங்கித் துடைத்து விற்கிற சின்னக் கடை அது. பளபளவென்று ஒரு பெட்டியை மேசைமேல் வைத்து அதன் பெருமைகளையெல்லாம் அவர் சொல்லி முடித்த பிறகு, நான் கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து, "இத்த சொருவி ஒருவாட்டி ஓட்டிப் பாத்துக்கறேன் சார்" என்றேன். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல அவர் முகம் சுருங்கியது. "எல்லாம் செக் பண்ணி வெச்சதும்மா, நம்பி எடுத்துக்கினு போங்க" என்றார். எனக்குத் தயக்கமாகிவிட்டது. பக்கத்தில் நின்ற மாமாவுக்கு அப்படியொன்றும் இல்லை. "மோட்டார மேல வெச்சி ஓட்டிப் பாக்காம போர்ல எறக்குவாங்களாபா? எறக்கனப்புறம் ஓடலன்னா உன்னியவா உள்ள அனுப்பறது?" என்று கேட்டார். கடைக்காரர் சிரித்துவிட்டார். சிரித்தபடியே நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

அந்தப் பென்டிரைவில் இருந்தது லினக்ஸ். கணினியை இயக்குகிற மென்பொருள். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பழைய இயந்திரத்திலும் மூச்சு வாங்காமல் ஓடும். பிள்ளையார்குப்பம் பக்கம் ஒரு மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு அதுதான் கைப்பழக்கம். ஆனால் எல்லாப் பெட்டியும் அதோடு ஒத்துப் போகாது. பெட்டிக்குள் இருக்கிற ஏதாவது ஓர் உறுப்பு, பெரும்பாலும் வைஃபை, முறைத்துக்கொண்டு நிற்கும். வாங்கி வந்த பிறகு அதோடு மல்லுக்கட்டுவதைவிடக் கடையிலேயே பார்த்துவிடுவது நல்லது. பளபளப்பான பெட்டியில் திரை வந்தது, ஒலி வந்தது, வைஃபை வரவில்லை. மூலையில் தூசி படிந்து கிடந்த கறுப்புப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கிச் செருகினேன். அதில் எல்லாமே வந்தது. அதில் சேமிப்புக்கு வேகமான, சின்ன எஸ்.எஸ்.டி. போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். "எதுல எடம் ஜாஸ்தி?" என்பதுதான் மாமாவின் ஒரே கேள்வி. மெதுவாக ஓடினாலும் பழைய பெரிய ஹார்டு டிஸ்க்கில்தான் இடம் அதிகம். அதையே போடச் சொன்னார்.

இடம் அவருக்குப் பறவைகளுக்காக வேண்டியிருந்தது. கரும்பும் நெல்லும் பயிரிட்டவர், வயல் வேலையை மகனிடம், அதாவது என் கணவரிடம், விட்டபிறகு காலையில் எழுந்ததும் பாகூர் ஏரிக்கரைக்குப் போகத் தொடங்கினார். என் கணவர் ஆசையாக வாங்கி, இரண்டு மாதத்தில் சலித்துப் பரண்மேல் போட்ட கேமரா ஒன்று வீட்டில் இருந்தது. அது மாமாவின் கழுத்துக்கு வந்தது. நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான், நீர்க்காகம், தாழைக்கோழி, வருகிற வருஷம் வந்து வராத வருஷம் ஏமாற்றுகிற கூழைக்கடா என்று எடுத்துத் தள்ளுவார். மகனின் கைபேசி நிரம்பியது, என் மடிக்கணினி நிரம்பியது. அத்தைக்கு, என் மாமியாருக்கு, இதில் துளியும் சம்மதமில்லை. "வூட்ல எந்த நல்லது கெட்டதுக்கும் ஆளு கெடையாது. கரை மேல கொக்குக்குக் காவல் நிக்கறாரு" என்பார். அத்தைக்குப் பறவை என்றால் காக்கா, கோழி, மீதி எல்லாம் கொக்கு.

கணினி கூடத்து ஜன்னலோரம் அமர்ந்தது. மாமா சீக்கிரம் கற்றுக்கொண்டார். ஒவ்வொரு பறவைக்கும் ஓர் அடைவு, அதாவது ஃபோல்டர், உண்டாக்கிப் பெயரிட்டுப் படங்களைப் பிரித்து வைத்தார். எனக்கும் அவருக்கும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துவரவில்லை. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அதைச் சொந்தக்காரர் என்ன செய்யலாம், அவர் குழுவில் இருப்பவர்கள் என்ன செய்யலாம், மற்றவர்கள் என்ன செய்யலாம் என்று மூன்று எண்களில் எழுதி வைத்துவிடலாம். ஏழு என்றால் எல்லா உரிமையும். மாமா கேட்டது மூன்று ஏழு. யார் வந்தாலும் திறக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். அது ஆபத்து என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"நம்ம வூட்டு கேட்டுக்கே பூட்டு கெடையாது. படத்துக்கு இன்னாத்துக்கும்மா பூட்டு?" என்றார்.

"பூட்டு இல்ல மாமா. பாக்கறவங்க பாக்கட்டும். கை வெக்காம இருக்கட்டும்னுதான்."

"பாக்கலாம், தொடக்கூடாதுன்றது மியூசியம். இது வூடு."

மூன்று ஏழே போட்டுக் கொடுத்தேன். எதிர்வீட்டார் வந்து மகளின் நலங்கு வீடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள். குருவிநத்தத்திலிருந்து இணையத்தில் நிலத்துப் பத்திரம் தேட வருகிறவர் போகிறபோக்கில் இரண்டு நாரைகளைப் பார்த்துவிட்டுப் போவார். எல்லாரும் மாமாவின் பெயரிலேயே உள்ளே நுழைந்தார்கள். மாமாவுக்கு அது திருவிழா.

இப்படி மூன்று ஆண்டுகள் ஓடின. என் நாத்தனாரின் குழந்தைக்குக் காதுகுத்து நடந்தது. அதன் வீடியோவைப் பென்டிரைவில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மாமா வயலை எட்டிப் பார்க்கப் போயிருந்த ஒரு மத்தியானம், பேத்தியைப் பார்க்கிற ஆசையில் நாங்கள் செய்வதைப் பார்த்துப் பழகியிருந்த அத்தை தானே கணினியை முடுக்கியிருக்கிறார். வீடியோவை உள்ளே இழுத்துப் போடும்போது இடமில்லை என்று வந்திருக்கிறது. இடத்தை யார் அடைத்திருக்கிறார்கள் என்று பார்த்தார். ஒரே கொக்கு. மொத்தமாகப் பிடித்து அழித்தார். அப்போதும் இடம் வராததால் குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். நன்றாகத் துப்புரவு செய்யத் தெரிந்தவர் அவர். அரைகுறையாக விடுகிற வழக்கமில்லை.

நான் வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தபோது மாமா திரை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து அத்தை சந்தோஷமாகக் குரல் கொடுத்தார். "கம்ப்யூட்டர்ல எடமே இல்லடி. ஒரே கொக்குக் குப்ப. எல்லாத்தியும் எடுத்துட்டு நம்ம பாப்பா காதுகுத்த ஏத்தியிருக்கேன், வந்து பாரு." நான் மாமாவைப் பார்த்தேன். அவர் மெதுவாக, அடுப்படிக்குக் கேட்காத குரலில், "திரும்பி வராதாம்மா?" என்றார்.

கணினியின் மின்வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். அழித்த கோப்புகள் உடனே மறைந்துவிடுவதில்லை. அவை இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தால்தான் போகும். அதுவரை ஹார்டு டிஸ்க் வட்டைத் தொடாமல் வைத்திருந்தால் தேடி எடுக்க வழியுண்டு. நான் சொன்ன எஸ்.எஸ்.டி.யை வாங்கியிருந்தால் அந்த வழியும் பெரும்பாலும் அடைபட்டிருக்கும். அழித்த இடத்தை அது தானே துடைத்து வைத்துக்கொள்ளும். "யாரும் இத்த ஆன் பண்ணாதீங்க" என்று நான் உரக்கச் சொன்னபோதுதான் என்னவோ ஆகிவிட்டது என்று அத்தைக்குப் புரிந்தது. கரண்டியோடு கூடத்து வாசலில் வந்து நின்றார். மாமா அவரைத் திட்டவில்லை. "கொக்குன்னா பறக்கத்தான செய்யும். வுடு" என்றார். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டி அன்றோடு முடிந்திருக்கும். அதன்பிறகு பல நாட்கள் அவர் கணினி இருக்கிற பக்கமே திரும்பவில்லை. கூடத்தைக் கூட்டும்போதும் அந்த மூலையை விட்டுவிட்டுக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வட்டைக் கழற்றி என் கணினியோடு இணைத்துத் தேடவிட்டேன். படங்கள் வரத் தொடங்கின. பெயர் இல்லை, அடைவு இல்லை. வெறும் எண்களாக, நாரையும் மீன்கொத்தியும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்த கும்பலாக வந்தன. சில படங்களில் பாதிப் பறவை, மீதி சாம்பல் நிறம். காதுகுத்து வீடியோ போய் உட்கார்ந்த இடத்தில் இருந்த பறவைகள் வரவே இல்லை. கேமராவில் மாமா ஒருநாளும் தேதியைச் சரியாக வைத்ததில்லை என்பதால் எது எப்போது எடுத்தது என்பதற்கும் வழியில்லை. "உசுரு வந்துச்சே, பேரு நாம வெச்சிக்கலாம்" என்றார் மாமா. பிறகு அத்தையைக் கூப்பிட்டார். தமக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும் என்றார். ஏரியின் அக்கரையில் இருக்கிற சின்ன உள்ளான் பறவையைப் பார்க்கிற கண் அது. அத்தைக்கும் அது தெரியும். ஆனாலும் வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"எனக்கு இன்னா தெரியும்? எல்லாம் கொக்குதான்."

"மூக்கு நடுவுல சந்து கீதா பாரு. கீதுன்னா நத்தகுத்தி."

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டுபேரும் ஜன்னலோரம் உட்காருவார்கள். ஒருநாள் ஒரு படத்தில் அத்தை, "இது நம்ம பொண்ணு வளகாப்பு அன்னிக்கி எடுத்தது" என்றார். எப்படித் தெரியும் என்று மாமா கேட்டார். "அன்னிக்கிதான் கரை மேல மரம் சாஞ்சி கெடந்துதுன்னு வந்து சொன்ன. வளையல் போடற நேரத்துக்கு ஆளக் காணோம், சம்பந்தி வூட்டுக்காரங்க கேக்கறாங்க, நான் இன்னா பதில் சொல்ல? மறக்குமா எனக்கு? இதோ சாஞ்ச மரம்." அதன்பிறகு வரிசையாக வந்தன. ரேஷன் கடைக்குப் போகச் சொன்ன நாளில் எடுத்த நீர்க்காகம். என் கணவருக்குக் காய்ச்சல் கண்டபோது எடுத்த கூழைக்கடா. மாமா ஏரிக்கரைக்கு ஓடிய ஒவ்வொரு நாளும் ஒரு சண்டையாக அத்தையிடம் பத்திரமாக இருந்தது. அவர் சொல்லச் சொல்ல மாமா தட்டச்சு செய்தார். விடுமுறை நாட்களில் நான் அடுப்படியில் நின்றபடி கேட்டுச் சிரித்திருக்கிறேன். அவர்கள் இருவரும் சேர்ந்து அவ்வளவு நேரம் உட்கார்ந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

வேலை முடிகிற கட்டத்தில், இனியாவது மூன்று ஏழு வேண்டாம் என்று மாமாவிடம் சொன்னேன். அவர் யோசித்தார். "இப்ப பூட்டனா அவளுக்காகப் பூட்டன மாதிரி ஆயிடும்மா" என்றார். அது நியாயமாகப் பட்டது. அப்போதுதான் லினக்ஸில் இருக்கிற இன்னொரு ஏற்பாட்டைச் சொன்னேன். அந்த மூன்று ஏழுக்கு முன்னால் ஓர் ஒன்றைச் சேர்த்துவிட்டால், அடைவு எல்லாருக்கும் திறந்தே இருக்கும். யாரும் வந்து படம் வைக்கலாம். ஆனால் அவரவர் வைத்ததை அவரவர்தான் எடுக்க முடியும். அடுத்தவர் வைத்ததை அழிக்க முடியாது.

"இத்த மொதல்லியே சொல்லக்கூடாதா? இதுதாம்மா குடும்பம் நடத்தற முறை" என்றார் மாமா.

அதற்கு ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரில் கணக்கு வேண்டும். மாமாவுக்கு இருந்தது. என் கணவருக்கும் எனக்கும், வருகிறவர்களுக்குப் பொதுவாக ஒன்றும் உண்டாக்கிவிட்டு அத்தையைக் கூப்பிட்டேன். அவர் பெயரைத் தமிழில் தட்டினேன். முகப்புத் திரையில் எங்கள் பெயர்களோடு அதுவும் வந்தது. அந்த வீட்டில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. அம்மா, அத்தை, பெரிம்மா, "இந்தா". திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். கடவுச்சொல் போட வேண்டும் என்றதும் எங்கள் எல்லாரையும் அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார். மாமா திரும்பாமல் நின்றதற்கு ஓர் அதட்டல். இன்றுவரை அந்தச் சொல் என்னவென்று எங்களுக்குத் தெரியாது.

போன வருஷம் மழைக்கு முன்னால் மாமா போய்விட்டார். காலையில் காபி கேட்டவர், அது வருவதற்குள் இல்லை. சில மாதங்களில் அந்தக் கறுப்புப் பெட்டியும் நின்றது. வேறொன்று வாங்கினேன், சின்னது, சத்தமில்லாதது. படங்களின் நகல் இன்னொரு வட்டில் இருந்ததால் கவலையில்லை. ஆனால் சாதாரணமாக நகலெடுத்தால் கோப்புகளெல்லாம் எடுக்கிறவர் பெயருக்கு, அதாவது என் பெயருக்கு, மாறிவிடும். அப்படிச் செய்ய எனக்குக் கை வரவில்லை. புதிய கணினியில் மாமாவுக்கும் ஒரு கணக்கை உண்டாக்கி, சொந்தக்காரர் பெயர் மாறாமல் எல்லாவற்றையும் கொண்டுவந்தேன்.

முகப்புத் திரையில் ஐந்து பெயர்கள் வந்தன. என் கணவர் பார்த்தார். அவருக்கு அது தாங்கவில்லை என்று நினைக்கிறேன். "அப்பா பேர எடுத்துடேன். யாரு உள்ள போவப் போறாங்க? சும்மா எதுக்கு?" என்றார். நான் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"இன்னாத்துக்குடா எடுக்கணும்? அவரு இன்னா எடத்தையா அடைக்கிறாரு?"

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தன் பெயரின் மேல் அழுத்திவிட்டு எங்களை அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார்.