கறுப்புக் காற்சட்டை

நேற்று ஈஸ்ட் ஹாம் கடையில் புதுச் சேலையை விரித்ததும் எழுந்த சாய மணம், இப்போது அடுக்குமாடிகள் நிற்கும் கிங்ஸ்பரி மைதானத்துக்கு, ஈரப் புல்லும் தோல் பந்தும் மணக்க நான் ஆஸ்திரேலியக் கால்பந்து விளையாடிய பதின்மூன்றாம் வயதுக்கு, என்னை இழுத்துப்போனது. அப்போது பெண்களுக்கும் வெள்ளைக் காற்சட்டைதான் விதி. மாதவிடாய் நாட்களில் கறை தெரியுமோ என்ற பயத்தில் பந்தையே மறந்துவிடுவேன். அம்மா என் காற்சட்டையை வாளியில் ஊறவைத்துக் கறுப்புச் சாயம் ஏற்றினார்.

அடுத்த சனிக்கிழமை நடுவர் என்னை வெளியேறச் சொன்னார். அம்மா மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தார்.

"நீ நில்லு பிள்ளை. வேணுமெண்டால் அவை விதியை மாத்தட்டும்."

நின்றேன். அணிப் பிள்ளைகளும் என்னோடு நின்றார்கள். கடைசியில் நடுவர், அந்த ஆட்டத்தின் வழக்கப்படி, பந்தைத் தரையில் அடித்து ஆட்டத்தைத் தொடங்கினார்.

விதி பல வருடங்கள் கழித்துத்தான் மாறியது. நாங்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.