திருப்பித் தராத லைன் கிளியர்

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால், "எத்தனை வோல்ட்?" என்று கேட்கிற ஆள் நான். மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எதற்கும் ஒரு படிவம் உண்டு, படிவம் இல்லாத எதுவும் நடக்கவில்லை என்பதுதான் என் மதம். ஆகவே இதைப் படித்துவிட்டுக் கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நீங்கள் நினைத்தால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இரண்டாவது பத்தியைக்கூடப் படித்திருக்க மாட்டேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில், குத்துக்கல்வலசைப் பக்கம் எட்டு மாடி லாட்ஜ் ஒன்று இருக்கிறது. சென்னைக்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் ஊருக்கு அதுதான் வானத்தைத் தொடுகிற கட்டடம். அதன் முகப்பு முழுக்கக் கலர் விளக்கு. நீலம் மெதுவாகப் பச்சையாகும், பச்சை ஊதாவாகும். செங்கோட்டை பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிப் படம் எடுப்பார்கள். சாரல் இறங்கும் சாயங்காலத்தில் மேகத்திலும் அந்த நிறம் படியும். அழகுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

அதன் முதலாளி தங்கபாண்டி என்னை ஆலோசகராக வைத்திருந்தார். நான் போனால் எழுந்து நின்று "சார் வாங்க" என்பார். ஓய்வு பெற்றவனை யாராவது எழுந்து நின்று சார் என்றால் அவனுடைய அறிவு கொஞ்சம் மங்கும். எனக்கும் மங்கியது.

அந்த விளக்குகளை மாட்டியவர் அச்சன்புதூர் இசக்கிமுத்து. எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. மேலே ஏறுகிறவன் சப்ளையை நிறுத்தி வாங்குவதற்கு லைன் கிளியர் என்று பெயர். எடுத்தவன்தான் அதைத் திருப்பித் தர வேண்டும். அவன் இறங்கி வந்து தன் வாயால் சொல்லாமல் கலெக்டரே வந்து நின்றாலும் சுவிட்சைப் போடக் கூடாது. இசக்கிமுத்து ஒரு படி மேலே. பேனலில் இருக்கும் மூன்று பியூஸ் கட்டைகளையும், அதாவது பியூஸ் கம்பி பூட்டிய அந்தப் பீங்கான் கட்டைகளை, பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏறுவார். அவற்றில் அவர் மனைவியின் சிவப்பு நகப்பூச்சால் 'இ.மு.' என்று எழுதியிருக்கும்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் அவர் ஏழாவது மாடி விளிம்பில் வேலை செய்துகொண்டிருந்தார். வெளியூர் விருந்தினர் முன்னதாகவே வந்துவிட்டார்கள். தங்கபாண்டி, "லைட்டப் போடுவே" என்றார். "கட்டை இல்லையே, முதலாளி" என்றார் மேனேஜர் செல்வம். "கம்பிய வச்சுச் சுத்துவே, ஒரு நிமிசந்தான!" செல்வம் சுற்றினார். அந்த ஒரு நிமிடத்தில் இசக்கிமுத்து போய்ச் சேர்ந்தார். இந்தப் பேச்சைச் செல்வமே அழுதுகொண்டு என்னிடம் சொன்னார்.

இறக்கிக் கிடத்தியபோது மூன்று கட்டைகளும் அவர் பையில் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். போலீஸ் வருவதற்குள் தங்கபாண்டி அவற்றை எடுத்துப்போய்ச் சிற்றாற்றில் வீசிவிட்டார். லாட்ஜின் ஆலோசகர் என்ற முறையில் விபத்து அறிக்கை நான் எழுதினேன். பொய் ஒரு வரி இல்லை. 'பணியின்போது மின் இணைப்பு உயிருடன் இருந்தது' என்று மட்டும் எழுதினேன். கட்டைகளைப் பற்றி எழுதவில்லை. படிக்கிறவர்கள், சப்ளையை நிறுத்தாமல் ஏறிய அசட்டு ஆள் என்று தாங்களாகவே முடிவு செய்துகொண்டார்கள். முறை தெரிந்தவனுக்குப் பொய் தேவைப்படாது.

அவர் மனைவி மாரியம்மாள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"குடிச்சிட்டு ஏறுனாவன்னு ஊரே பேசுது, அண்ணாச்சி. கட்டையப் பிடுங்காம அவுக ஒருநாளும் ஏற மாட்டாவ. நீங்க பாக்கலையா?"

"விசாரணையில் இருக்கும்மா" என்றேன்.

"எழுதுன கை, எழுதாம விட்டதுக்கும் பதில் சொல்லணும்லா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சாபம் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இலக்கணமாகப் பேசுகிறாளே என்று நினைத்தேன்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் முதலாளி போன் செய்தார். சாயங்காலம் ஆறரை மணி, சாரல் தூறிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் கட்டடம் முழுக்க நீலம். ஏழாவது மாடியில் மட்டும் ஒரு துண்டு சிவப்பு, சரியாக ஓர் ஆள் நீளத்துக்கு. சிவப்பு அந்த அமைப்பிலேயே கிடையாது.

முறைப்படி செய்தேன். மெயினை இறக்கினேன். புதிதாகப் போட்டிருந்த மூன்று கட்டைகளையும் என் கையால் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். டெஸ்ட் லேம்ப் வைத்து மூன்று பேஸும் பார்த்தேன், செத்துக் கிடந்தது. நீலம் முழுக்க அணைந்துவிட்டது. சிவப்பு எரிந்தது. நம்பினால் நம்புங்கள்.

"கரண்டே இல்லன்னா அது எப்படிவே எரியுது?" என்று தங்கபாண்டி கத்தினார்.

"இங்கன ஒண்ணுமே இல்ல முதலாளி, பாருங்க" என்று செல்வம் பேனலுக்குள் இரண்டு கையையும் வைத்தார்.

அவ்வளவுதான். இரண்டு கையும் ஒட்டிக்கொண்டது. "விடுலே, விடுலே!" என்று அலறியபடி தங்கபாண்டி அவரைப் பிடித்து இழுத்தார், அவரும் ஒட்டிக்கொண்டார். காய்ந்த மரக்கம்பு ஒன்றால் இருவரையும் தட்டிப் பிரித்தேன். பிரிந்த நொடியில் மேலே சிவப்பு அணைந்தது. என் டெஸ்ட் லேம்ப் கடைசிவரை எரியவில்லை.

இருவரும் பிழைத்தார்கள். செல்வத்துக்கு விரல்கள் மடங்காது. தங்கபாண்டிக்கு உடம்பில் ஒரு காயம்கூட இல்லை, ஆனால் அந்த "விடுலே"க்குப் பிறகு இன்றுவரை ஒரு வார்த்தை வரவில்லை. டாக்டர்களிடம் அதற்குப் பெரிய பெயர் இருக்கிறது. உத்தரவு போட்டது வாய், கம்பி சுற்றியது கை என்பது அவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினேன். பையில் மூன்று கட்டைகள் இருந்தன. நான் பிடுங்கிப் போட்ட புது வெள்ளைக் கட்டைகள் அல்ல. பழுப்பேறிய பழையவை, சொட்டச் சொட்ட ஈரம், இடுக்குகளில் ஆற்று மணல். மூன்றிலும் சிவப்பில் 'இ.மு.'

செய்தித்தாளை விரித்து அதன்மேல் வைத்தேன். காலையில் இரண்டு கட்டைகள் எலும்பு போலக் காய்ந்திருந்தன. மூன்றாவது காயவில்லை.

அன்றைக்கே அறிக்கையைத் திருத்தி எழுதினேன். யார் சொன்னது, யார் சுற்றியது, யார் மறைத்தது என்று என் பெயர் உட்பட எல்லாம். காய்ந்த இரண்டு கட்டைகளைப் போலீசில் ஒப்படைத்தேன். ஒரு நகலை எடுத்துக்கொண்டு அச்சன்புதூர் போனேன். மாரியம்மாள் நின்றுகொண்டே படித்தாள்.

"இனி அவுகளக் குடிகாரன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாவ" என்றாள்.

"நீ என்னை மன்னிச்சிரும்மா. மூணாவது கட்டை காயவே மாட்டேங்குது."

அவள் ஆச்சரியப்படவில்லை. "நான் மன்னிச்சா ஆச்சா, அண்ணாச்சி? லைன் கிளியர எடுத்தவுகதான திருப்பிக் குடுக்கணும்? அதானே உங்க சட்டம்?"

ஆமாம், அதுதான் சட்டம். அதற்கு மேல்முறையீடு கிடையாது.

அந்தக் கட்டை என் மேஜையில்தான் இருக்கிறது. வெயிலில் வைத்தேன், அடுப்புக்கு மேல் கட்டித் தொங்கவிட்டேன். பீங்கான் தண்ணீரை உறிஞ்சாது என்பது பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் தினமும் காலையில் அடியில் வைத்த தாள் நனைந்திருக்கிறது. வீட்டில் எந்த சுவிட்சையும், முதல் அறிக்கையை எழுதிய வலது கையால் நான் தொடுவதில்லை. அந்தக் கைக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. இதை இடது கையால் எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறேன்.