பிஞ்சில்லாத பூ

எங்கள் மாடித்தோட்டக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் உப்பளம் பகுதியில் ஒரு டியூஷன் சென்டரில் கூடுவோம். எத்தனை வருடம் பழகியவராக இருந்தாலும் எழுந்து நின்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். பேர் என்ன, எந்த ஊர், இப்போது என்ன காய்க்கிறது, அது யாரிடமிருந்து வந்தது. கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் உட்கார முடியாது. குழுவை நடத்தும் அந்தோணி ஐயா பிரெஞ்சுப் பென்ஷன்காரர். பதில் வந்ததும் பிரெஞ்சில் நன்றி சொல்லி "மெர்சி" என்பார், அப்புறம்தான் உட்காரலாம்.

சகாயசெல்வியக்காவை எனக்கு அங்கேதான் பழக்கம். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைத்துப் பிழைப்பவள். கணவர் மார்ட்டின் லாரி ஓட்டினார். மனிதர் வீட்டுக்குக் கொண்டுவந்தது பெரும்பாலும் அழுக்குத் துணிதான். ஒரே ஒரு தடவை மங்களூர்ப் பக்கத்திலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி நாலு கிழங்கு கொண்டுவந்தார். பழுபாகல். மேலெல்லாம் முள்ளாக இருக்கும், ஆனால் கசக்காது. இதில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் மேல் தடவினால்தான் காய் பிடிக்கும். அடுத்த வருடமே மார்ட்டின் நெஞ்சுவலியில் போய்விட்டார். கொடி மட்டும் சித்திரை தோறும் பெயிண்ட் வாளியிலிருந்து முளைத்து வந்தது.

அரியாங்குப்பத்தில் செடிக்கடை வைத்திருக்கும் சிவசங்கரி ஒருநாள் அக்கா வீட்டுக்கு வந்தாள். பழுபாகல் வறுவலை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். போகும்போது அக்கா ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடிக் கிழங்கைப் பையில் போட்டுக் கொடுத்தாள். மறு வருடம் கூட்டத்தில் சங்கரி எழுந்தாள்.

"சிவசங்கரி, அரியாங்குப்பம். பழுபாகல் காய்க்குது. மலைப் பக்கம் போனப்ப நானே தேடி எடுத்தாந்தது."

தீட்டின மரத்திலேயே கூர் பார்த்தாள். அடுத்து அக்கா எழுந்து தன்னிடமும் பழுபாகல் இருக்கிறது என்றதும், "சங்கரிகிட்ட வாங்குனீங்களா?" என்று பின் வரிசையில் யாரோ கேட்டார்கள். அக்கா முகம் சுண்டிப்போய்விட்டது.

அதோடு விட்டாளா சங்கரி? கிழங்கைப் பெருக்கி எங்கள் குழு ஆட்களுக்கெல்லாம் கொடுத்தாள். எல்லாம் பெண் கிழங்கு. ஒரே ஒரு ஆண் கொடியைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். பூ வேண்டுமென்றால் அவள் வாசலுக்குத்தான் போக வேண்டும். தவளக்குப்பத்திலிருந்து சுடர்விழி விடியற்காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போவாள். சங்கரி மகாராணி மாதிரி ஆளுக்கொரு பூ கிள்ளித் தருவாள்.

போன புயல் மழையில் அக்கா மாடியில் தண்ணீர் தேங்கிக் கிழங்கெல்லாம் அழுகிவிட்டது. புருஷன் செத்தபோது நிமிர்ந்து நின்றவள், வாளியைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்து அழுதாள். வேறு வழியில்லாமல் அரியாங்குப்பத்துக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். சங்கரி கேட்டைத் திறக்கவே இல்லை.

"வரிசைல வாங்கக்கா. நெறைய பேரு கேட்டு வச்சிருக்காங்க."

மாசி முடியும்போதுதான் கூப்பிட்டு ஒரு கிழங்கு கொடுத்தாள். "பொண்ணு கெழங்கு. பூவுக்கு இங்க வந்துடுங்க" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ வாசல்ல நான் நின்னேன்ல. எல்லார் முன்னாடியும் அவ அப்டி நிக்கணும். அதுக்கப்பறம் ஆண்டவரு என்னைக் கூப்ட்டுக்கட்டும்."

பூசைக்குப் போனாலும் இதைத்தான் வேண்டினாள். மன்னிக்கச் சொல்லும் சாமியிடம் இதைக் கேட்கிறாயே என்றேன். அவருக்கு நிறைய வேலை இருக்கும், இதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ஆனியில் அக்கா வீட்டுக் கொடி பூத்தது. பெண் பூவென்றால் அடியில் முள் வைத்த சின்னப் பிஞ்சு இருக்கும். இதில் பிஞ்சே இல்லை. ஏமாற்றிவிட்டாள் என்று முதலில் கொதித்தாள் அக்கா. அதே வாரம் குழு வாட்ஸப்பில் எல்லார் வீட்டிலும் காய் பிடிக்காமல் பூ கொட்டுகிறது என்று புலம்பல். ஆண் பூ எங்கே என்று கேட்டால், சங்கரி வெயில்மேல் பழி போட்டாள். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. தொட்டிகளில் அவள் சாக்பீஸால் போட்டிருந்த அடையாளம் அந்தப் புயல் மழைச் சாரலில் அழிந்திருக்கிறது. கிழங்கைப் பார்த்து ஆணா பெண்ணா என்று யாராலும் சொல்ல முடியாது, பூத்தால்தான் தெரியும். தன்னிடமிருந்த ஒரே ஆணைப் பெண் என்று நினைத்து அவளே அக்காவிடம் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அக்கா அன்றைக்குத் தையல் மெஷின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தாள்.

குழுவில் புலம்பாதவள் அக்கா ஒருத்திதான் என்று கண்டுபிடித்து, சங்கரி உப்பளம் வந்து அக்கா வீட்டுக் கதவைத் தட்ட வெகுநாள் ஆகவில்லை.

"அக்கா, பூ குடுங்கக்கா. அத்தன கொடியும் சும்மா நிக்குது."

"மொதல்ல ஞாயித்துக்கெழம எழுந்து நின்னு ஒழுங்கா சொல்லு."

"அதெல்லாம் எதுக்குக்கா இப்ப? பொண்ணு கெழங்கே ஒண்ணு தரேன்."

"கெழங்கு வேணாம். மார்ட்டின் பேரு வேணும்."

ஞாயிற்றுக்கிழமை சங்கரி எழுந்தாள். பேரும் ஊரும் சொன்னாள். பழுபாகல் காய்க்கவில்லை என்றாள். உட்காரப் போனவளை அந்தோணி ஐயா விடவில்லை.

"யார்கிட்டேந்து வந்துது?"

"செல்வியக்கா குடுத்தது. அவங்க வீட்டுக்காரர் மார்ட்டின் கொண்டாந்தது." கொஞ்சம் நிறுத்தினாள். "நான் எந்த மலைக்கும் போகல."

ஐயா மெர்சி சொல்லவில்லை. சங்கரி நின்றுகொண்டே இருந்தாள். அக்கா எழுந்தாள்.

"சகாயசெல்வி, உப்பளம். எங்கிட்ட ஆண் கொடி இருக்குது. எங்க வீட்டுக்காரர் மார்ட்டின் கொண்டாந்தது. பூ வேணுங்கறவங்க காலைல வாங்க. தெனம் நாலஞ்சுதான் பூக்கும்."

எல்லாரும் அக்காவைச் சூழ்ந்துகொண்டார்கள். சுடர்விழி, தன் வீட்டில் இருக்கும் இரண்டு பெண் கொடியில் ஒன்றைத் தொட்டியோடு தருகிறேன் என்றாள். சங்கரியும் ஓரமாக வந்து நின்றாள். அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வரிசைல வா சங்கரி. நெறைய பேரு கேட்டு வச்சிருக்காங்க."

சங்கரி காலையில் வருவதும் வெறுங்கையோடு திரும்புவதுமாக இருந்தாள். அவள் முறை வந்தபோது ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது, கொடி பூப்பதை நிறுத்திவிட்டது. அன்றைக்கு அக்கா அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தட்டு நிறையப் பழுபாகல் வறுவல் வைத்தாள்.

"சாப்புடு. எங்க வீட்டுக் காய்தான். இந்தத் தடவ யாரு வீட்ல சாப்ட்டன்னு ஞாபகம் வச்சுக்க."