கதைத்துக்கொண்டே நடந்தவர்

1938 பெப்ரவரி 6, ஞாயிறு, காலை 5.40, தெளிந்த வானம், மெல்லிய குளிர்காற்று. வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டுக்காரரோடு அன்றுதான் முதன்முதலாக நடக்கப் போனேன். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஆனாலும் படியேறும்போது அவருக்கு மூச்சு வாங்குவதில்லை என்று என் மனைவி அந்த வாரத்தில் மூன்று தடவை சொல்லிவிட்டாள். ஒரு தடவையாவது அவள் என்னைப் புகழ வேண்டும் என்பதே என் நோக்கம்.

கடலோரமாக அவர் ஓயாமல் கதைத்தார். "தம்பி, நெஞ்சை மட்டும் தனியாப் பழக்கேலாது. நேரத்துக்கு நித்திரை, அளவாச் சாப்பாடு, ஆறின மனம், எல்லாம் சேரவேணும்."

"ஓம்" என்றேன். அதற்குமேல் சொல்ல மூச்சில்லை. நிமிடத்துக்கு 118 அடி வைத்து அவரை முந்தினேன்.

"கதைக்கேலாட்டி வேகம் கூடிப்போச்சு எண்டு அர்த்தம். மெல்ல வாரும்."

அதைக் கேட்டதும் இன்னும் விரைந்தேன். பம்பலப்பிட்டியில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் ஒரு ரிக்‌ஷாவில் என்னை ஏற்றிவிட்டு, பக்கத்திலேயே நடந்தபடி இழுப்பவனோடு கதைத்து வந்தார்.

"பாரமோ?"

"இல்லீங்க ஐயா, சின்னப் பாரந்தான்" என்று அவன் மூச்சிரைக்காமல் சிரித்தான். இப்போது இரண்டு பேர்மேல் எனக்கு எரிச்சல்.

வாசலில் மனைவி பதறினாள். "ஒண்டுமில்லைப் பிள்ளை, இவர் என்னைவிடக் கெதியா நடந்திட்டார்" என்றார் அவர்.

"உங்களுக்கு எவ்வளவு நல்ல மனம்!" என்று முதல் கோப்பியை அவருக்கே கொடுத்தாள்.

ரிக்‌ஷாக் கூலி முப்பத்தைந்து சதம். இழுத்தவனின் தேத்தண்ணீருக்கு, அவர் சொன்னபடி, ஐந்து சதம். மொத்தம் நாற்பது சதம்.