மடிப்பில் தொலைந்த எழுத்து

ஐம்பதுகளில் வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் குமாஸ்தா. பாலக்காட்டிலிருந்து வந்த எனக்கு, நாலு எழுத்து இங்கிலீஷ் தெரியும் என்கிற தலைக்கனம் நிறைய உண்டு.

கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாள் தன் மகளின் ஞானஸ்நானச் சீட்டைக் கொண்டுவந்தாள். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர் மாதா கோயிலில் கேட்டார்களாம். மாப்பிள்ளையின் அப்பாவும் கூட நின்றார். சீட்டு லத்தீனில் இருந்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல் மட்டும் 'இல்லெஜிட்டிமா' என்று தெரிந்தது. இங்கிலீஷ் மாதிரியே இருக்கிறதே என்று, "முறை தவறிப் பிறந்தவள்" என வாசித்துவிட்டேன்.

அந்த அம்மாளின் முகம் செத்துப்போனது. மாப்பிள்ளையின் அப்பா வெளியே போனார். மத்தியானப் பஸ்ஸில் ஊருக்குத் திரும்புவதாகச் சேதி வந்தது.

அன்றைக்கு மானேஜர் பங்களாவில் ஒரு விருந்தாளி இருந்தார். பழைய லத்தீன் நூல்களையும், ஐந்நூறு வருஷத்துக்கு முன் இத்தாலியில் அவற்றைத் தேடியெடுத்துப் படித்தவர்களையும் ஆராய்கிற பேராசிரியர். 'லத்தீன் தொரை' என்றால் பாதிரியார்தான் என்று கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். அந்த அம்மாள் நேரே போய், "தோத்திரம் சாமி" என்று அவர் முன்னால் முழங்காலிட்டாள். பதறிப்போனவர், தமிழ் தெரியாததால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

சீட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். மகள் என்பதற்கு 'ஃபில்' என்று சுருக்கி, இடைவெளி விடாமல் 'லெஜிட்டிமா' என்று எழுதியிருக்கிறார்கள். மடிப்பில் முதல் எழுத்தான 'எஃப்' தேய்ந்து, மிச்சம் 'இல்லெஜிட்டிமா' என்று நிற்கிறது. "முறையாகப் பிறந்த மகள். இந்த மாதிரிப் பிழைகளைத் தேடுவதுதான் என் பிழைப்பே. யார் இப்படி வாசித்தது?" என்றார்.

"நான்தான்" என்றேன். எனக்கு அவமானமாக இருந்தது. அவர் மானேஜரிடம் சொல்லி, பங்களா ஜீப்பில் என்னைப் பஸ்ஸுக்கு அனுப்பினார்.

பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஏறி, அத்தனை பேர் முன்னாலும் என் தப்பைச் சொன்னேன். மாப்பிள்ளையின் அப்பா தன் மூட்டையைக் கையில் எடுத்தார். பிறகு, "எழுதப் படிக்கத் தெரிஞ்சவுக சொன்னா நாங்க நம்பத்தானய்யா செய்வோம்" என்று மூட்டையோடு இறங்கினார்.

மலைக்குத் திரும்பியதும் அந்த அம்மாள், "எம்மவ காதுலயும் விழுந்துருச்சு. அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க" என்றாள்.

மகள் கொழுந்துக் கூடையோடு மலைச்சரிவில் நின்றிருந்தாள். சீட்டை விரித்து, 'ஃபில்' எங்கே, 'லெஜிட்டிமா' எங்கே என்று விளக்கினேன். வேலையை நிறுத்தாமலே கேட்டாள்.

"சரிங்க சார். ஊருக்காரவுகளுக்குத்தான் சீட்டு வேணும். எங்கம்மாவ நான் பொறந்ததுல இருந்து பாக்கேன்."