ரோமுக்கு நான் ஒருத்தி

ரோமப் பேரரசின் வரலாற்றைப் பாடமாக எடுத்தவர்களுக்கு முதலில் வரவேண்டிய வித்தை, “அது எதுக்கு?” என்ற கேள்வியின் முன்னால் முகம் கோணாமல் நிற்பது. வேலைக்கு ஆகாத படிப்பு படித்த உங்கள் எல்லாருக்கும் இது புரியும். அறுபத்தெட்டில் பல்லாவரத்திலிருந்து மின்சார ரயிலேறி, தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஏ. படித்தபோது நான் பட்டவை சில.

மேப் ரூம்

இரண்டாம் வருஷத்தில் ரோமை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் மூன்று பேர். ஸ்டெல்லாவுக்கு ஜூலையில் கல்யாணம் ஆகிவிட்டது. ரகுநாதனுக்குத் தபால் இலாகாவில் வேலை கிடைத்தது. மறுநாள் அறுபது பேர் உட்காரும் வகுப்பில் நான் மட்டும். பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தால் திமிராகத் தெரிந்தது. ஓரத்துக்கு நகர்ந்தால் அழுகை வந்தது.

அட்டெண்டர் மாணிக்கம் எட்டிப் பார்த்தார். “ஒரு ஆளுக்கோசரம் இம்மாம் பெரிய ரூமா? மேப் ரூம்ல போய் குந்திக்கோம்மா.”

பிரசென்ட் சார்

எங்கள் பேராசிரியர் (இனி ‘என் பேராசிரியர்’ என்றுதான் சொல்லவேண்டும்) முந்தின வருஷம்தான் மனைவியைப் பறிகொடுத்திருந்தார். தினமும் வருகைப் பதிவேட்டைத் திறந்து, “நம்பர் ஒன்?” என்பார். நான் எழுந்து, “பிரசென்ட் சார்” என்பேன். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி அறுபது பேருக்குக் கேட்கிற குரலில் பாடம் நடத்துவார். பாடத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசமாட்டார்.

நவம்பர் மழையில் நனைந்து மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன். நான் படுத்தால் வகுப்பே படுத்த மாதிரிதானே! திரும்பி வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவர் பதிவேட்டிலிருந்து தலை தூக்கவில்லை. “மூணு நாளும் நான் வந்தேன்மா. மணி அடிக்கிறவரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருந்தேன். வீட்டுல உட்கார்றதுக்கு இது பரவாயில்லை.”

வெள்ளிக்கிழமைச் சந்தை

வெள்ளிக்கிழமைகளில் வீடு திரும்புகிற ரயிலில் பெண்கள் பெட்டி முழுக்கக் கூடைகள். பல்லாவரம் சந்தைக்குப் போகிற அம்மாள் ஒருத்தி என் மடியிலிருந்த தடிப் புத்தகத்தைக் காட்டி, “இன்னாம்மா அது?” என்று கேட்டாள். காலையிலிருந்து யாரும் என்னிடம் ஒன்றும் கேட்காத நாள் அது. விடுவேனா? ஒரே வருஷத்தில் நாலு பேர் மாறி மாறிச் சக்கரவர்த்தியான கதையைக் குரோம்பேட்டை தாண்டும்வரை சொன்னேன். அவளும் வெற்றிலையை மென்றபடி கடைசிவரை கேட்டாள். கேட்டு முடித்ததும் என் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

“இந்த வயசுலயும் படிச்சிகினு கீறியே, எத்தினி வாட்டி ஃபெயிலான?”

நீரோவின் பிடில்

பெண் பார்க்கச் செங்கல்பட்டிலிருந்து வந்தார்கள். எங்களைப் போலவே புராட்டஸ்டண்ட் குடும்பம். தோல் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்த அப்பா, “ரோம் பத்திப் படிக்கிறா” என்று பெருமையாகச் சொன்னதும் மாப்பிள்ளையின் அம்மா காபியைக் கீழே வைத்துவிட்டார். “ரோமா? அப்ப நீங்க கத்தோலிக்கா?” அப்பா என் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துவந்து காட்டவேண்டியதாயிற்று.

கிளம்பும்போது மாப்பிள்ளை செருப்பை மாட்டியபடி மெதுவாகக் கேட்டார்: “ரோம் எரிஞ்சப்ப நீரோ நிஜமாவே பிடில் வாசிச்சானா?” அந்த வருஷம் ரோமைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒரு வெளியாள் கேட்ட ஒரே கேள்வி. “அப்ப பிடிலே கிடையாதுங்க” என்றேன். அவர் முகம் மலர்ந்தது. “அப்படியா? பின்னே?” நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அம்மா தெருவிலிருந்து கூப்பிட்டார். பதில் கடிதம் வரும் வரும் என்று ஈஸ்டர்வரை தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. வாசலில் அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: “ரயிலுக்கு நேரமாச்சு. மீதியை அப்புறம் சொல்லுங்க.”

தேர்வுக் கூடம்

பரீட்சையன்று பெரிய ஹாலில் ஒரு மேசை, ஒரு நாற்காலி. அரக்கு முத்திரை உடைத்து எடுத்த வினாத்தாளும் ஒன்றே. கண்காணிப்பாளராக வந்த ரசாயன ஆசிரியர், பழக்க தோஷம், காலி ஹாலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நோட்டம்விட்டுவிட்டு உரக்கச் சொன்னார்: “யாரும் யாரையும் பார்த்து எழுதக்கூடாது!”

அந்த வருஷம் அந்தத் தாளில் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தவள் நான்தான், கடைசியாக வந்தவளும் நானேதான்.