வழவழப்பான செம்மறி ஆடு

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. விருத்தாசலத்தில் ஒரு தனியார் பள்ளியின் ஓவிய ஆசிரியை ஸ்கூட்டியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். உள்ளே ஸ்டீல் பிளேட் வைத்து, ஆறு மாதம் ஓய்வு என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் திரும்பி வரும்வரை வகுப்பைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனது நான்தான். அப்பா செராமிக் யூனிட்டுகளில் லோடு ஏற்றுகிறார். அம்மா இன்றும் கைநாட்டு. பத்தாம் வகுப்பிலிருந்து ஆசிரியர் பயிற்சி முடிக்கும்வரை எல்லா விடுமுறையிலும் நான் ஒரு பொம்மை யூனிட்டில் பினிஷிங் வேலை பார்த்தேன். அச்சில் ஊற்றி எடுத்த பொம்மையில் இரண்டு பக்கமும் ஒரு கோடு நிற்கும். காய்ந்ததும் அதை பிளேடால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, வழவழப்பாக்கிச் சூளைக்கு அனுப்ப வேண்டும். என் கைக்கு வந்துபோன பொம்மையில் கோடு எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. யூனிட்டில் எனக்கு அப்படி ஒரு பெயர். அந்தக் கையோடு ஒரு நாள் காலை இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, 'மிஸ்' என்று கூப்பிடும் பிள்ளைகள் நடுவில் போய் நின்றபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஒரே வாரத்தில் பாவிவிட்டது. காரணம், காலுடைந்து வீட்டில் படுத்திருந்த அந்த மேடம்.

ஓவிய அறை பீரோவின் சாவி அவரிடம் இருந்தது. காலையில் அவர் வீட்டுக்குப் போய்ச் சாவி வாங்க வேண்டும், மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். "பள்ளியிலேயே வைத்துக்கொள்கிறேனே மேடம்" என்றால், "போன தடவை லீவு போட்டப்ப வந்தவ என் பிரஷ்ஷையெல்லாம் கோந்து எடுக்க யூஸ் பண்ணிட்டாம்மா" என்பார். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வீடியோ கால் வரும். "போனை அந்தப் பக்கம் திருப்பும்மா, பிள்ளைங்களப் பாக்கணும்" என்பார். நானும் ஜவுளிக்கடையில் புடவை காட்டுவதுபோல் போனை பெஞ்சு பெஞ்சாகக் காட்டிக்கொண்டு போவேன். கட்டிலில் படுத்தபடியே, "மூணாவது பெஞ்சுல அவன் கையில என்னா ரப்பரு? என் கிளாஸ்ல ரப்பர் கிடையாதுன்னு அவனுக்குத் தெரியாதா?" என்று கேட்பார். அவனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது.

பிள்ளைகள் வேறு, எதற்கெடுத்தாலும் "எங்க மிஸ்ஸு இப்பிடிப் பண்ண மாட்டாங்க" என்பார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "உங்க மிஸ்ஸு எழுந்து நடக்க ஆரம்பிச்சதும் அவங்ககிட்டயே கேட்டுக்கோ" என்று ஒருவனிடம் சொல்லிவிட்டேன். சாயங்காலம் சாவி கொடுக்கப் போனபோது மேடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் நடக்கறதப் பத்திக் கிளாஸ்ல பேச்சு நடக்குதாமே" என்றார். அன்று பஸ்ஸில் வரும்போது, இந்த வேலையே வேண்டாம் என்று நான் எத்தனை முறை நினைத்தேனோ.

ஆண்டு விழாக் கண்காட்சிக்கு, ஏழாம் வகுப்பில் ஆளுக்கு ஒரு பிராணி களிமண்ணில் செய்ய வேண்டும் என்பதும் அவருடைய திட்டம்தான். இரண்டு வாரம் செய்தார்கள். வயிறு தரையைத் தொடும் எருமை, ஒட்டகத்துக்கு இருப்பதுபோல் கழுத்து வைத்த கோழி, உடம்பைவிட வால் பெரிதான பல்லி. கடைசி பெஞ்சில் அதிகம் பேசாத ஒரு பெண் ஒரு செம்மறி ஆடு செய்தாள். இரண்டு வகுப்பு நேரமும் அந்த ஆட்டைக் கட்டைவிரலால் குத்திக்கொண்டே இருந்தாள். சமமாக்கத் தெரியாமல் திண்டாடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன்.

எல்லாம் திறந்த அலமாரியில் காய்ந்துகொண்டிருந்தன. மேடம் ஏழு நிமிட நீளத்தில் ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். எப்படிக் காயவைப்பது, யூனிட்டில் யாரிடம் கொடுப்பது, சூளையில் எந்தத் தட்டில் வைக்கச் சொல்வது என்று வரிசையாக. மண்ணோடு வளர்ந்த எனக்கு மண்ணைப் பற்றிப் பாடம். இரண்டாவது நிமிடத்தில் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தலைமையாசிரியை, எச்.எம்., ஓவிய அறைக்குள் வந்து அலமாரியைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இந்த ஊர்ல வூட்டுக்கு ஒருத்தர் பொம்மைக் கம்பெனில இருக்காங்க. அவங்க முன்னாடி இதையா வைக்கப் போறீங்க?" என்றார். போகும்போது வாசலில் நின்று, "அடுத்த வருஷம் பிரைமரிக்குத் தனியா டிராயிங் டீச்சர் எடுக்கறோம். எக்ஸிபிஷனப் பாத்துட்டுத்தான் நிர்வாகத்துல முடிவு பண்ணுவாங்க. பாத்துக்கங்க" என்றார்.

நிரந்தர வேலை. சாவி வாங்கப் போக வேண்டாம், போனைத் திருப்பிக் காட்ட வேண்டாம். எனக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஓவிய அறையைத் திறந்தேன். ஒரு வாளித் தண்ணீர், பிளேடு, வீட்டிலிருந்து கொண்டுபோன என் பழைய ஸ்பாஞ்சு. முப்பத்தெட்டுப் பிராணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தேன். விரல் பதிந்த பள்ளம், நகக்கீறல், ஒட்டின இடத்தில் பிதுங்கிய மண் எல்லாம் போனது. யூனிட் பழக்கத்தில் அடிப்பக்கத்தையும் துடைத்தேன். கோழியின் கழுத்தைக் கொஞ்சம் சுரண்டிக் கோழி அளவுக்குக் கொண்டுவந்தேன். கோணல் கொம்புகளைச் சுரண்டி நேராக்கினேன். செம்மறி ஆட்டுக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. அத்தனை மேடுபள்ளம். சாயங்காலம் அலமாரியைப் பார்த்தபோது எனக்கே ஆசையாக இருந்தது. பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை எல்லாம் சூளைக்குப் போய், அந்த வாரக் கடைசியில் வெள்ளை வெளேரென்று திரும்பி வந்தன. கண்காட்சிக்கு முதல் நாள், மேடமும் கைத்தடி ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். மேசையைப் பார்த்தார். ஒரு எருமையை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"கையே வைக்காதன்னு மெசேஜ்ல சொன்னேனா இல்லியா?"

"ஏழு நிமிஷ மெசேஜ்ல எந்த நிமிஷத்துல சொன்னீங்க மேடம்?" என்றேன். ஆறு மாதமாக அடக்கி வைத்திருந்தது அது.

"எல்லா நிமிஷத்துலயும் அதத்தாம்மா சொன்னேன்."

"நான் இந்த வேலையிலதான் மேடம் வளந்தேன். உங்களுக்குப் புக்குல தெரிஞ்சது எனக்குக் கையில தெரியும்."

 மேடம் பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொரு பெயர் அட்டையைக் கொடுத்து, "அவங்கவங்க செஞ்சது முன்னாடி வையுங்க" என்றார்.

பிள்ளைகள் மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். செய்யும்போது அடியில் கீறியிருந்த தங்கள் வரிசை எண்ணைத் தேடித் திருப்பிப் பார்த்தார்கள். அதைத்தான் நான் துடைத்திருந்தேனே. ஒரே எருமை முன்னால் இரண்டு பையன்கள் அட்டையோடு நின்றார்கள். "டேய், என் எருமைக்கு ஒரு கொம்பு கோணடா", "எனக்கும் கோணதாண்டா, இப்ப ரெண்டும் நேரா இருக்குது" என்று சண்டை. பல்லிக்காரன் மட்டும் வாலைப் பார்த்து உடனே கண்டுபிடித்துவிட்டான். கடைசியில் ஒருவழியாக எல்லா அட்டைகளும் மேசைக்குப் போயின, அந்தக் கடைசி பெஞ்சுப் பெண்ணுடையதைத் தவிர.

நான் போய், "இதோ பாரு, இதாம்மா உன் ஆடு. எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

"என்னுது இல்ல மிஸ்ஸு."

"நான்தான் சொல்றேன்ல, உன்னுதுதான்."

"என் ஆட்டுக்கு முடி இருந்துச்சு மிஸ்ஸு" என்றாள். சொல்லிவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள்.

அவள் குத்திக் குத்தி வைத்த பள்ளங்கள் சுருட்டை முடி என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. எனக்குப் பின்னால் நின்ற மேடம், நான் எதிர்பார்த்த மாதிரி கத்தவில்லை. என்னிடம், "அட்டையில உன் பேர எழுதி வச்சிடும்மா. செஞ்சவங்க பேருதானே எழுதணும்" என்றார். கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

நான் என் பெயரை எழுதவில்லை. ஆட்டை அட்டை இல்லாமல் விட்டால் எச்.எம். கேட்பாரே என்று, மறுநாள் காலையில் அந்தப் பெண்ணின் பெயரை நானே வேறொரு அட்டையில் எழுதி ஆட்டின் முன்னால் வைத்துவிட்டேன்.

கண்காட்சியில் நல்ல கூட்டம். "கடையில வாங்கினது மாதிரி இருக்குதே" என்று பெற்றோர்கள் போட்டோ எடுத்தார்கள். எச்.எம். முகத்தில் சிரிப்பு. பத்தரை மணி வாக்கில் அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். யூனிட்டிலிருந்து நேராக வந்திருக்கிறார், முழங்கைவரை வெள்ளை மண் காய்ந்திருந்தது. மகள் பெயரைத் தேடி, ஆட்டை எடுத்து, வயிற்றைக் கட்டைவிரலால் ஒரு தடவு தடவினார். பினிஷிங்காரர்கள் அப்படித்தான் தடவுவார்கள். 

"இது இன்னாது, நாயா?" என்று மகளிடம் கேட்டார்.

"ஆடும்மா."

"நீயா செஞ்ச?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை.

"நீங்க தேய்ச்சிங்களா டீச்சர்? சுத்தமான கை. எங்க ஓனரு பாத்தா விடவே மாட்டாரு, வேலைக்குக் கூப்புட்டுக்குவாரு" என்றார். மனதாரச் சொன்னார். பிறகு ஆட்டைப் பதமாக மேசையில் வைத்துவிட்டு, "நாள்பூரா இதத்தான் டீச்சர் பாத்துக்குனு இருக்கறேன். பொண்ணு செஞ்சதப் பாக்கலாம்னு அரை நாள் லீவு கேட்டுட்டு வந்தேன்" என்றார். "சரி, போயிட்டு வரேங்க" என்று மகள் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிடம்கூட இருக்கவில்லை.

ஜூன் மாதம் எனக்கு அந்த வேலை கிடைத்தது. கண்காட்சியைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம் என்று நிர்வாகத்தில் வெளிப்படையாகவே சொன்னார்கள். வீட்டில் அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் நல்லவள் இல்லை, வாங்கிக்கொண்டேன். மேடமும் நானும் இப்போது ஒரே ஓவிய அறையில்தான் இருக்கிறோம். தினமும் ஏதாவது ஒன்றுக்கு முட்டிக்கொள்கிறோம். அவருடைய முக்கால்வாசிச் சட்டங்கள் வீண் பிடிவாதம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஒன்றைத் தவிர.

பிரைமரிப் பிள்ளைகள் களிமண் பிசையும்போது, கோணலான ஒரு காதையோ கழுத்தையோ பார்த்தால் என் விரல் தானாக நீள்கிறது. அப்போதெல்லாம், அரை நாள் லீவு போட்டு வந்த அந்த அம்மாவுக்கு, பார்ப்பதற்கு என் வேலையைத் தவிர வேறு எதையும் நான் மிச்சம் வைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொள்கிறேன்.